முப்பத்து மூன்றாவது அறம்

நம்முடைய நகரங்களில் நீண்ட மதிற்சுவர் எங்கெங்கு இருக்கிறதோ, அங்கெல்லாம் பெரும்பாலும் தெய்வங்களும் இருக்கக் காண்கிறோம். இடுப்பளவு உயரத்தில், சாண் அகலமுள்ள பீங்கான் ஓடுகளில், பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவின் கஃபாவும் ஒரே வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவ்வோடுகளுக்குக் கீழே சுவரின் சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்ந்து, பழைய ஈரத்தின் கறை முழங்கால் மட்டத்தில் மஞ்சளாகப் படிந்திருக்கும். சமய சமரசத்துக்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுமோ என்று வேடிக்கையாகக் கேட்கலாம். ஆனால் அந்த ஓடுகளைப் பதித்தவர் வழிபாட்டைக் கருதிப் பதிக்கவில்லை. வழிப்போக்கன் எவனும் அச்சுவரோரம் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக, சம்பளமில்லாத காவற்காரர்களாகக் கடவுளரை நிறுத்தியிருக்கிறார். நகரசபை கட்டித் தந்திருக்க வேண்டிய ஒரு கழிப்பறைக்குப் பதிலாக மூன்று மதங்களின் தெய்வங்களும் சேர்ந்து அத்தெருவில் ஊழியம் பார்க்கின்றன.

இதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. அடக்க முடியாத உபாதையோடு அச்சுவரருகே வந்து நின்று, படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இன்னும் பத்தடி தள்ளிப் போய் ஒதுங்குகிற கூலியாள் தெய்வாபசாரம் செய்தவனா, அல்லது தெய்வத்தை அந்த வேலைக்கு அமர்த்தியவர் செய்தவரா? சற்று ஆழமாகக் கேட்டால், ஒதுங்க இடமே இல்லாத மனிதனை ஆசாரம் என்னும் விதி கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்துமாயின், அதை அவன் மீறும்போது நேரும் பாவம் யாருடைய கணக்கில் எழுதப்படும்?

இது நகரசபையைச் சேர்ந்த விஷயம், சுகாதார இலாகாவைச் சேர்ந்த விஷயம், இதில் மதத்தை எதற்கு இழுக்கிறீர் என்று சிலர் கேட்கக்கூடும். மதம் இவ்விஷயத்தைத் தொடாமல் விட்டிருந்தால் நானும் விட்டுவிடுவேன். பதஞ்சலி முனிவர் நியமங்கள் ஐந்தனுள் சௌசம் என்னும் தூய்மையையே முதலாவதாக வைத்தார். கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்விக சம்பத்துக்களை எண்ணுமிடத்தில் சௌசத்தையும் சேர்த்து எண்ணுகிறது. மநு ஸ்மிருதியோ, மண்ணால் சுத்தி செய்துகொள்ளும்போது எந்த அங்கத்துக்கு எத்தனை முறை என்று, ஒன்று, மூன்று, பத்து, ஏழு எனக் கணக்கே வகுத்து, அது இல்லறத்தானுக்கு என்றும், பிரம்மசாரிக்கு அதில் இரு மடங்கு, வானப்பிரஸ்தனுக்கு மும்மடங்கு, சந்நியாசிக்கு நான்கு மடங்கு என்றும் ஏற்றிக்கொண்டே போகிறது. மனித தேகத்தின் அந்தரங்கமான காரியத்துக்குள் இவ்வளவு தூரம் நுழைந்துவிட்ட மதம், அக்காரியத்துக்கு இடமில்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி வரும்போது மட்டும், அதைப் போய் நகரசபையில் கேள் என்று விலகிக்கொள்வது நியாயமாகாது.

தமிழில் இவ்விஷயத்தைக் கூச்சமின்றிப் பேசுவது ஆசாரக்கோவை. பெருவாயின் முள்ளியார் இயற்றிய, நூறு பாட்டுக்கள் கொண்ட, பதினெண்கீழ்க்கணக்கில் அடங்கிய இந்நூலைப் பரீட்சைக்காக அல்லாமல் படிப்பவர் இன்று அரியர். அதில் ஒரு பாட்டு, அறிவுடையோர் எச்சில் உமிழ்வதற்கும் மலசலம் கழிப்பதற்கும் ஆகாத பத்து இடங்களை எண்ணுகிறது: புல், பயிர், பசுவின் சாணம், சுடுகாடு, வழி, தீர்த்தம், கோயில், நிழல், பசுக்கள் தங்குமிடம், சாம்பல். இப்பட்டியலைக் குருட்டு ஆசாரம் என்று தள்ளிவிட முடியாது. குடிக்கும் நீரையும், விளையும் உணவையும், நடப்போர் பாதத்தையும், இளைப்பாறுவோர் நிழலையும் காப்பாற்ற நினைத்த ஊர்ப்பொது விவேகம் அதில் இருக்கிறது.

இந்தப் பத்தையும் விலக்கிய பின்னும் முள்ளியார் காலத்து ஊரில் மனிதனுக்கு இடம் மீந்திருந்தது. ஊருக்குப் புறத்தே கரம்பும் புதரும் பரந்து கிடந்தபடியால், ஆகாத இடங்களைச் சொன்னாலே போதும், ஆகும் இடத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் நேரவில்லை. ஆனால் அதே பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு இன்றைய சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலோ, கூவத்தின் ஓரத்திலோ, ரயில் பாதையை ஒட்டிய குடிசை வரிசையிலோ இருந்து ஒருவன் விடியற்காலையில் புறப்படுவானாயின், அவன் எங்கே போவான்? கால்வாய் தீர்த்தத்தில் அடங்கும். தண்டவாளம் வழியில் அடங்கும். பாலத்தின் அடி நிழலில் அடங்கும். மயானத்தின் மதிலோரம் சுடுகாட்டில் அடங்கும். காலிமனைக்கு முள்வேலி போட்டுப் பெயர்ப்பலகையும் நாட்டியாயிற்று. விலக்கப்பட்ட பத்தைக் கழித்தால் நகரத்தில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை; அவன் எங்கே போனாலும் ஆசாரத்தை மீறியவனாகவே வீடு திரும்புகிறான். அனுஷ்டிக்க வழி வைக்காமல் விதியை மட்டும் வைத்திருப்பதைத் தர்மம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

உபநிஷத்துக்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தைரியசாலிகள். சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலக ஆருணி தம் குமாரன் சுவேதகேதுவுக்கு உபதேசம் செய்கையில், உண்ட அன்னம் மூன்றாகப் பிரிகிறது என்றும், அதன் ஸ்தூலமான பாகம் மலமாகவும், நடுத்தரமான பாகம் மாமிசமாகவும், சூட்சுமமான பாகம் மனமாகவும் ஆகிறது என்றும் சொல்லுகிறார். ஜீவனும் பிரம்மமும் ஒன்றே என்னும் மகாவாக்கியத்தை அவர் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவதும் இதே அத்தியாயத்தில்தான். ஆகவே பிரம்மத்தை விசாரிக்கிற மனமும், விடியுமுன் கழித்தாக வேண்டிய மலமும், ஒரே கவளச் சோற்றின் இரு கூறுகள் என்பதில் அந்த ரிஷிக்கு அருவருப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. நாமோ அன்னத்தைப் பிரம்மம் என்று கொண்டாடி, அன்னதானத்தைத் தானங்களிலெல்லாம் சிறந்ததாக ஏற்றி, இலை போட்டுப் பரிமாறி, உண்டவன் வாழ்த்தினால் புண்ணியம் என்று மகிழ்ந்துவிட்டு, நாம் இட்ட அதே அன்னத்தின் ஸ்தூல பாகத்துக்கு அவன் எங்கே போவான் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. பந்தியில் உட்கார்ந்தவன் நம் விருந்தாளி. பந்தியை விட்டு எழுந்து கை கழுவிய அரை நாழிகைக்கெல்லாம் அவன் யாரோ ஆகிவிடுகிறான்.

புண்ணியக் கணக்கில் நம் முன்னோர் கருமிகள் அல்லர். காஞ்சியில் காமாட்சியம்மை இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பது ஐதிகம். அந்த முப்பத்திரண்டையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பவர் அதன் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியாது. தண்ணீர்ப் பந்தலும் மடமும் குளமும் சோலையும் இருப்பதில் ஆச்சரியமில்லை. நோய்க்கு மருந்து, கண்ணுக்கு மருந்து, தலைக்கு எண்ணெய், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, முகம் பார்க்கக் கண்ணாடி, பெண்கள் காதிலிட ஓலை, துணி வெளுக்க வண்ணார், மயிர் மழிக்க நாவிதர், சிறையிலிருப்போர்க்குச் சோறு, தாயில்லாக் குழந்தைக்குப் பால், அநாதைப் பிணத்துக்குத் தகனம் என்று ஒவ்வொரு தேவையாக எண்ணிக்கொண்டு வந்தவர்கள், தினவெடுத்த பசு உடம்பை உரைத்துக்கொள்வதற்கு ஒரு தறி நாட்டுவதையும் அறமாக வைத்தார்கள். மாட்டின் முதுகரிப்பைக் கூட மறவாத அந்தக் கருணை, மனிதனின் இந்த ஒரு தேவையை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. அக்காலத்தில் அது தேவையாகத் தோன்றவில்லை என்பதே காரணம். ஊர் சிறிது, காடு பெரிது, கையில் செம்போடு நடந்தால் மறைவிடம் கிடைத்தது. நாம் காட்டை அழித்து நகரத்தை வளர்த்தோம். மனையை அடி கணக்கில் விலை பேசினோம். ஆனால் அறப் பட்டியலைப் பழையபடியே வைத்துக்கொண்டோம். முப்பத்து மூன்றாவதாக ஓர் அறம் சேர வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

சேராமற்போனதற்கு மறதி மட்டும் காரணமாக இருந்தால் மன்னித்துவிடலாம். 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவி, எங்கும் பீதி உண்டானபோது, ராஜ்கோட்டில் அமைக்கப்பட்ட சுகாதாரக் குழுவில் காந்தியடிகள் அங்கத்தினராகச் சேர்ந்து, வீடு வீடாகக் கக்கூஸ்களைப் பார்வையிட்ட விருத்தாந்தத்தைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஏழைகள் பார்வையிடுவதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை, சொன்ன திருத்தங்களையும் செய்தார்கள். பணக்காரர் சிலரோ உள்ளே விடவே மறுத்தார்கள். அவர்களுடைய கக்கூஸ்கள் இருண்டு, நாற்றமெடுத்து, புழு நெளியக் கிடந்தன. தீண்டப்படாதார் குடியிருப்பைப் பார்க்கக் கிளம்பியபோது, குழுவினரில் ஒருவர்தான் அவருடன் வர இசைந்தார். அங்கே போய்க் கக்கூஸ்களைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, எங்களுக்கு ஏது கக்கூஸ், நாங்கள் வெட்டவெளிக்குப் போகிறவர்கள், அதெல்லாம் உங்களைப் போன்ற பெரிய மனிதர்களுக்கு என்ற பொருளில் பதில் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், தரை சாணம் மெழுகி, முற்றம் பெருக்கி, இருந்த சில பாத்திரங்களும் பளபளவென்று துலங்கின. கக்கூஸ் இருந்த வீட்டில் அசுத்தமும், கக்கூஸ் இல்லாத வீட்டில் சுத்தமும் குடிகொண்டிருந்த இந்தக் காட்சியை நம் ஆசாரவாதிகள் ஆற அமர யோசித்திருக்க வேண்டும்.

ஐந்தாண்டு கழித்து, 1901-இல், கல்கத்தா காங்கிரஸில் அவர் கண்டது தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய பாடம். பிரதிநிதிகள் தங்கியிருந்த கல்லூரி வளாகத்தில் கக்கூஸ்கள் சில. அவையும் கால் வைக்க முடியாத நிலை. தொண்டர்களிடம் அவர் அதைச் சுட்டிக்காட்டியபோது, அது தோட்டியின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அவர் துடைப்பம் ஒன்றைத் தேடி வாங்கித் தாமே தமக்கானதைச் சுத்தம் செய்துகொண்டார். அதே வளாகத்தில் தமிழ்ப் பிரதிநிதிகளுக்கு மட்டும் தனிச் சமையற்கட்டு. பிறர் பார்வை பட்டாலே போஜனம் தோஷமாகிவிடும் என்பதால், தட்டி வைத்து நாற்புறமும் அடைத்து, புகை மண்டிய அந்தக் கூண்டுக்குள்ளேயே சமையலும் சாப்பாடும் கழுவுதலும் நடந்தனவாம். ஒரு பக்கம் கண்பட்டால் தீட்டு என்று தட்டி கட்டிக்கொண்ட ஆசாரம், மறுபக்கம் காலடியில் கிடந்த மலத்தைக் காணவில்லை. வருணாசிரமத்துக்கு நேர்ந்த அந்தக் கோணலைக் கண்டு அவர் வருந்தினார். நம் சுத்தம் பெரும்பாலும் இவ்வாறே இருந்திருக்கிறது: அழுக்கை இல்லாமற்செய்வதில் அக்கறையில்லை, அது நம்மைவிட்டு அகன்று வேறொருவன் மேல் போய்ச் சேர்ந்தால் போதும்.

வேறொருவன் என்றேனே, பல சமயம் அது வேறொருத்தி. ஏகாதசி உபவாசத்துக்கு ஒரு தேவதை உண்டு, சங்கற்பம் உண்டு, மறுநாள் பாரணையும் உண்டு. நகரத்துச் சேரிகளில் எத்தனையோ பெண்கள் எந்தத் தேவதையையும் குறிக்காமல் தினந்தோறும் ஓர் உபவாசம் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதில்லை. இரவுச் சோற்றில் பாதியைக் குறைத்துக்கொள்கிறார்கள். இரவில் வெளியே போக நேர்ந்துவிடக் கூடாது என்ற ஒரே பயம். நேர்ந்துவிட்டால், துணைக்கு ஒருத்தியை எழுப்பி அழைத்துக்கொண்டு, சாலையோரப் பள்ளத்தில் உட்கார்ந்து, லாரி வெளிச்சம் விழும்போதெல்லாம் சட்டென்று எழுந்து நின்று, அது கடந்தபின் மறுபடி உட்கார்ந்து, அந்தக் காரியத்தை முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. அடக்கி அடக்கி வைப்பதால் வரும் சிறுநீர்த் தொற்றையும் மலச்சிக்கலையும் டாக்டர்கள் அறிவார்கள். மாதவிலக்கு நாட்களில் அவள் படும் பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. நாணத்தைப் பெண்ணின் ஆபரணம் என்று எழுதி எழுதி அலுக்காத புலவர் பரம்பரையில் ஒருவராவது, அந்த ஆபரணத்தைப் பத்திரப்படுத்த நாலு சுவரும் ஒரு தாழ்ப்பாளும் வேண்டும் என்று எழுதியிருந்தால் எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு 81.4 வீட்டெல்லைக்குள் கழிப்பறை உடையவை, 6 பொதுக் கழிப்பறையை நம்பியவை, 12.6 வெட்டவெளியை நம்பியவை. 2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபின் கட்டடங்கள் ஏராளமாக எழும்பியது மெய். அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் படுத்தெழும் குடித்தனத்தில் தனிக் கழிப்பறைக்கு இடமேது? அவர்களுக்குப் பொதுக் கழிப்பறையே கதி. அந்த இயக்கத்தின் விதிமுறை, சேரிகளுக்கான பொதுக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்கிறது. விதிமுறை அப்படியே நிறைவேறுவதாக வைத்துக்கொண்டாலும், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் கடைசியில் நிற்கும் பெண்ணின் முறை வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அவள் ஏழு மணிக்கு வீட்டுவேலைக்குப் போயாக வேண்டியவள்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் தவறாமல் எழும்: கட்டிக் கொடுத்தாலும் இந்த ஜனங்கள் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லையே! மத்தியதரத்தார் கூடும் எந்தத் திண்ணையிலும் இதைக் கேட்கலாம். ஒரு பொதுக் கழிப்பறை எப்படிச் சாகிறது என்பதைக் கூர்ந்து பார்த்தவர் இவ்வாறு பேசமாட்டார். முதலில் போவது தண்ணீர். மோட்டார் கருகிவிடும், அதை மாற்றுவது ஒப்பந்தக்காரர் பொறுப்பா, நகரசபையின் பொறுப்பா என்ற தாவா ஆறு மாதம் நடக்கும். அதற்குள் மேல்தொட்டி காய்ந்து, வாசலில் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைக்கப்பட்டு, அதிலிருந்து மொண்டுகொண்டு போக இருக்கும் ஒரே வாளியும் உடைந்துபோகும். பிறகு விளக்கு அணையும். பிறகு பெண்கள் பகுதியில் தாழ்ப்பாள் கழன்று, உள்ளே இருப்பவள் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டி வரும். மூன்று கட்டடங்களுக்கு ஒரே ஒரு வயோதிக ஸ்திரீ, ஒரு துடைப்பமும் அரைப் புட்டி பினாயிலும் கொண்டு, காலையில் ஒருமுறை வந்து போவாள். கடைசியில் கழிவுத்தொட்டி நிரம்பிப் பீங்கானில் எதிர்த்து ஏறும்போது, ஜனங்கள் உள்ளே போக மனமின்றி வெளிப்படியிலேயே உட்காரத் தொடங்குவார்கள். அப்போது ஓர் அதிகாரி வந்து பார்த்து, இவர்களுக்கெல்லாம் கழிப்பறை எதற்கு என்று பூட்டுப் போட்டுவிட்டுப் போவார். திறப்புவிழாக் கல்வெட்டு மட்டும் பளிங்கு மங்காமல் இருக்கும். வீட்டுக் கழிப்பறையில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் நம் சுத்தம் எந்த மட்டில் நிற்கும் என்று அந்தத் திண்ணைக்காரர்கள் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

மதங்களின் சரித்திரத்தில் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த மகான் ஒருவர் உண்டு. பௌத்த விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. சங்கத்தில் எல்லாம் மூப்பு முறைப்படி நடந்துவந்த வழக்கத்தை ஒட்டி, கழிப்பறைக்குப் போவதிலும் பிட்சுக்கள் மூத்தவர் முன், இளையவர் பின் என்ற கிரமத்தையே அனுசரித்தார்கள். முன்னே வந்து நின்ற இளம் பிட்சுக்கள் மூத்தவர்களுக்காகக் காத்து நின்று, உபாதையை அடக்க மாட்டாமல் மயங்கி விழுந்தார்கள். செய்தி புத்தர்பிரானுக்கு எட்டியது. புலனடக்கத்தையே வாழ்நாள் உபதேசமாகக் கொண்டிருந்த அவர், அந்த இளைஞர்களைப் பார்த்து அடக்கம் பழகுங்கள் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இனிக் கழிப்பறையில் வந்த முறையே முறை என்று கட்டளையிட்டார். முதலாசனத்திலும் முதல் நீரிலும் முதல் அன்னத்திலும் மூப்புக்கு மரியாதை கொடுத்த அதே சங்கம், இங்கே மூப்பைத் தள்ளிவைத்தது. இந்த வாசலுக்கு முன்னால் குலமும் இல்லை, குருத்துவமும் இல்லை. சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். இவ்வளவு பிரத்தியட்சமான சமத்துவ சாசனம் வேறொன்றை நான் கண்டதில்லை.

நம் காலத்தில் அதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது, 1980-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய ரத்லம் தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தில் உள்ள அந்த ஊரில் சாக்கடை திறந்து ஓட, கழிப்பறை இல்லாத சேரிவாசிகள் தெருவையே நாட, பக்கத்துக் குடியிருப்பினர் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டார்கள். நகரசபை சொன்ன சமாதானங்கள் இரண்டு: அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துதானே அங்கே குடிவந்தீர்கள் என்பது ஒன்று, எங்களிடம் பணம் இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் நிற்கவில்லை. கண்ணியமும் மானமும் மனித உரிமையின் பேரம் பேச முடியாத அம்சங்கள் என்றும், பணமில்லை என்று சொல்லி எந்த நகரசபையும் அதிலிருந்து தப்ப முடியாது என்றும் தீர்ப்பாயிற்று. முறையிட்டவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்த அயல்வீட்டார். ஆனால் தீர்ப்பு எழுதியவரின் மனம் தெருவோரம் உட்கார நேர்ந்தவனிடம் போயிற்று. இயற்கையின் நெருக்கடியில் கூச்சம் என்பது ஏழைக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் ஆகிவிடுகிறது என்ற கருத்துப்பட அவர் எழுதிய வாக்கியத்தை ஸ்மிருதிகளோடு சேர்த்து வைத்தாலும் தகும். மீறியவனுடைய பாவம் இடம் கொடாதவன் கணக்கில் எழுதப்படும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பிரமாணம் இதுவே.

கழிப்பறை கட்டியதோடு பாவம் தீர்ந்ததென்றும் இருக்க முடியாது. கட்டிய தொட்டி நிரம்பினால் அதில் இறங்குபவன் யார்? மனிதன் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் மற்றொரு சட்டமும் வந்தன. 1993 முதல் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் இறந்தவர் குடும்பத்துக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பின்னும் விஷவாயு தாக்கித் தொழிலாளர் பலி என்ற தலைப்பைப் பத்திரிகைகள் அச்சிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இறப்பவர்களின் ஜாதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஓர் ஏழையின் மானத்தைக் காக்க மற்றோர் ஏழையின் பிராணனை வாங்குகிற சௌசம் எந்தச் சாஸ்திரத்துக்கும் அடுக்காது. முப்பத்து மூன்றாவது அறத்தில் யந்திரத்தால் தொட்டியை இறைப்பதற்கான செலவும், பெருக்குகிறவளுக்குக் கௌரவமான மாதச் சம்பளமும், கையுறையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஐயுறுகிறவர்கள் திருச்சிராப்பள்ளியை விசாரித்துப் பார்க்கலாம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, அந்நகரத்துச் சேரிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பொதுக் கழிப்பறைகளின் நிர்வாகத்தைத் தாமே ஏற்றார்கள். சொற்பக் கட்டணம் வாங்கி, அதற்குக் கணக்கு எழுதி, அதிலிருந்தே சுத்தம் செய்வோருக்குச் சம்பளமும் பழுதுபார்ப்புச் செலவும் கொடுத்தார்கள். கல்மந்தை என்னும் பகுதி வெட்டவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் அறவே நீங்கிய சேரி என்று 2002-இல் அறிவிக்கப்பட்டது. சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள் என்று நாம் சொன்னவர்கள் அவர்கள்தாம். கட்டணம் என்பதில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஐந்து பேர் உள்ள குடும்பம் நாளுக்கு இரண்டு வேளை காசு கொடுத்துப் போவதென்றால், மாதக் கடைசியில் அது அரிசிச் செலவில் கை வைக்கும். அப்போது குழந்தைகளும் கிழவர்களும் மறுபடி தெருவுக்கே அனுப்பப்படுவார்கள். அந்தக் காசை ஊரார் ஏற்றுக்கொள்வதற்குத்தான் அறம் என்று பெயர்.

கோயில்களில் குழல்விளக்கின் வெளிச்சத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, இன்னார் உபயம் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். உபயதாரர்களுக்குக் குறைவில்லாத நாடு இது. கும்பாபிஷேகத்துக்கும், தேவாலயத் திருவிழாவுக்கும், பள்ளிவாசல் கந்தூரிக்கும் நன்கொடை எழுதுகிற பெரியோர்கள் அதில் ஒரு பங்கை ஒரு கழிப்பறையின் தண்ணீருக்கும் விளக்குக்கும் கூலிக்கும் மாதாமாதம் கட்டளையாக எழுதி வைக்க வேண்டுகிறேன். அறங்காவலர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. உங்கள் கோபுர வாசலில் விடியற்காலை நாலு மணிக்கு வந்து உட்கார்ந்து, அர்த்தஜாமம் வரையில் பூத்தொடுத்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். சுவாமிக்குச் சாத்தும் மாலையின் பூவில் பாதி அவர்கள் கை பட்டது. பக்தர்களுக்கென்று நீங்கள் கட்டியிருக்கும் கழிப்பறையின் பூட்டை அவர்களுக்காகவும், வாசலில் படுத்துறங்கும் பரதேசிகளுக்காகவும், இரவிலும் திறந்து வையுங்கள். இதற்கு அரசாங்கத்தின் உத்தரவு தேவையில்லை, நாளைக்கே செய்யலாம்.